காவற்காரன் மயங்கினால் கூலிக்காரனுக்கா தண்டனை?

“சர்வர் நின்றுவிட்டது. நாளைக்கு வா!”

மலைக்கோட்டையைச் சுற்றிப் பத்து மைல் வட்டாரத்தில் இந்த நாலு வார்த்தைகளைக் கேட்காத ஏழை உண்டா? லால்குடிப் பக்கம் நாற்று நடும் பெண் வங்கி வாசலில் கேட்கிறாள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர் பிராவிடண்டு பண்டுக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் கேட்கிறார். காந்தி மார்க்கெட்டில் விடிய விடிய லாரி இறக்கிவிட்டு ரேஷன் கடைக்கு ஓடும் தொழிலாளி அங்கே கேட்கிறார். சொல்பவர் முகத்தில் கோபமில்லை, வெட்கமில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதைப் போல, “சர்வர் நின்றுவிட்டது” என்று சொல்கிறார். கேட்பவரும் விதியை நொந்துகொண்டு திரும்பிப் போகிறார்.

தோழர்களே! இது மழையல்ல, வெயிலுமல்ல, விதியுமல்ல. மனிதன் செய்த யந்திரம், மனிதன் எழுதிய ஆணைகளின்படி ஓடுகிறது. அது நின்றால் அதற்குக் காரணம் உண்டு. காரணம் இருந்தால் பொறுப்பாளியும் உண்டு. அந்தப் பொறுப்பாளி யார் என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒரே செயலுக்கு இரண்டு நியாயம்

தொழிலாளி ஒரு நாள் வேலையை நிறுத்தினால் என்ன நடக்கிறது? “தேசத்துக்கு இத்தனை கோடி நஷ்டம்” என்று முதலாளிப் பத்திரிகைகள் மறுநாளே கணக்குப் போடுகின்றன. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பறிக்கப்பட்ட சலுகைகளைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? டெஸ்மா சட்டத்தை ஏவி ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது. அத்தியாவசிய சேவையை நிறுத்துவது அத்தனை பெரிய குற்றமாம்!

அதே அத்தியாவசிய சேவையை ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் நிறுத்தினால்? “தொழில்நுட்பக் கோளாறு. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.” அவ்வளவுதான், கதை முடிந்தது. டெஸ்மா எங்கே போயிற்று? நஷ்டக் கணக்கு எங்கே போயிற்று? நடுத்தெருவில் நின்ற கூலிக்காரனின் ஒரு நாள் கூலியை யார் கொடுத்தார்கள்? மனிதன் நின்றால் குற்றம், யந்திரம் நின்றால் கோளாறு! இதுதான் இவர்களுடைய நியாயம்.

நகல் வைத்திருப்பவனே பாத்தியதைக்காரன்

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் என்பது கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகம் எரிந்தால், கெட்டால், திருட்டுப்போனால் கைகொடுப்பதற்காகத் தினமும் இரவில் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கிறார்கள். இதற்கு ‘பேக்கப்’ என்று பெயர். பெரிய நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான யந்திரங்களிலுள்ள கணக்கையெல்லாம் மனிதன் உட்கார்ந்து நகல் எடுக்க முடியாது. அதைத் தானே செய்யும் ஒரு மென்பொருளை வாடகைக்கு வாங்கி ஓடவிடுகிறார்கள். அதுதான் நம் கணக்குக்கு இராக்காவல்.

நகலின் அருமையை உடைமை வர்க்கம் இன்று நேற்றல்ல, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தது. ஸ்ரீரங்கம் கோயில் மதிலைப் பாருங்கள். 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அங்கே படியெடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஊரில் எத்தனை வேலி நிலம் யாருக்குத் தானம், அதற்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்து வழக்கம் என்ன? முதலில் ஓலையில் எழுதுவார்கள். பிறகு செம்பில் பொறிப்பார்கள், கல்லிலும் வெட்டுவார்கள். ஓலையைக் கரையான் அரித்தாலும் செம்பு இருக்கும். செம்பை உருக்கினாலும் கல் இருக்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் பெரிய சூத்திரம் போலச் சொல்கிறார்களே, “மூன்று நகல் வை, இரண்டு வகைப் பொருளில் வை, ஒன்றை வேறிடத்தில் வை” என்று! நிலம் உடையவன் அதை அன்றே செய்துவிட்டான்.

ஆனால் அந்த நிலத்தை உழுதவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? எத்தனை தலைமுறை உழுதான் என்பதற்கு எந்தச் செப்பேடு சாட்சி? ஒன்றுமில்லை. ஊர்க் கணக்கு கர்ணத்தின் வீட்டில் இருந்தது. அவர் எழுதியதே எழுத்து. காவிரிப் பாசனத்தில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களை, “நீ யார்? உன் பெயர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டே வரப்பிலிருந்து இறக்கினார்கள். சாகுபடிதாரர்களுக்குப் பாதுகாப்பு என்று 1955-ல் சட்டம் வந்தது. பதிவேடு இல்லாத பாதுகாப்பு பாதிப் பாதுகாப்புதான் என்பது அனுபவத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது 1980-ல். ‘பெயரைப் பதி, நகலைக் கொடு’ என்ற கோரிக்கை உழுதவனுக்கு உயிர்க் கோரிக்கையாக இருந்தது.

அந்தக் கர்ணத்தின் இடத்தில் இன்று சர்வர் உட்கார்ந்திருக்கிறது. நம் கூலி அதில், அரிசி அதில், சேமிப்பு அதில், பென்ஷன் அதில். கர்ணமாவது ஊருக்குள் இருந்தார், வாசலில் நின்று கேட்க முடிந்தது. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

‘சின்ன ஓட்டை’யின் கதை

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2024 மார்ச்சில் ஒரு செய்தி வெளிவந்தது. ‘ஆர்க்சர்வ்’ என்னும் அமெரிக்கக் கம்பெனியின் பேக்கப் மென்பொருளில் மூன்று ஓட்டைகள் இருப்பதை ‘டெனபிள்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்து வெளியிட்டது. ஒன்று, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையவிடும் ஓட்டை. இரண்டு, கோப்புகளை வைக்கக் கூடாத இடத்தில் வைக்கவிடும் ஓட்டை. மூன்றாவது, சேவையையே முடக்கிவிடும் ஓட்டை. கம்பெனி அவற்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது.

மூன்றாவது வகை ஓட்டை எப்படி வேலை செய்கிறது? ஆலையில் ராக்காவல் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு சிறு திட்டி வாசல். அதன் வழியாக யார் சீட்டு நீட்டினாலும் அவர் வாங்கிப் படிக்க வேண்டும். நல்ல சீட்டு வந்தால் கதவைத் திறப்பார், கள்ளச் சீட்டானால் கிழித்துப் போடுவார். ஒருவன் கன்னாபின்னாவென்று கிறுக்கி, “இதில் பத்தாயிரம் வரி இருக்கிறது” என்று தலைப்புப் போட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறான். காவற்காரர் சீட்டை நம்பி, இல்லாத வரிகளைத் தேடித் தேடிப் படித்து, தலைசுற்றி மயங்கி விழுந்துவிடுகிறார். திருடன் பூட்டை உடைக்கவில்லை. சாவியும் திருடவில்லை. காவல் மட்டும் போய்விட்டது. யாராவது வந்து தண்ணீர் தெளித்து எழுப்பும் வரை ஆலைக்குக் காவல் இல்லை.

இந்த வகை ஓட்டைகளில் பலவும் இப்படிப்பட்டவைதான். வெளியிலிருந்து வரும் செய்தியின் அளவைச் சரிபார்க்காமல் நம்புவது, இல்லாத இடத்தில் போய்ப் படிப்பது, முடிவில்லாமல் நினைவிடத்தைக் கேட்டுக்கொண்டே போவது. மென்பொருள் மயங்கி விழுந்த இரவில் நகல் எடுக்கப்படுவதில்லை. மறுநாள் கணக்கு யந்திரம் கெட்டால் திருப்பி எடுப்பதற்கு அந்த நாளின் கணக்கு இல்லை.

ஆனால் இந்த வியாபார உலகத்தில் ஓட்டைகளுக்கு மதிப்பெண் போடும் முறையைப் பாருங்கள். யந்திரம் பிறர் கைக்குப் போனால் மிகக் கடுமை. சேவை நின்றால் மட்டும் அதைவிடக் குறைவு. அந்த மூன்றிலும் குறைந்த மதிப்பெண் வாங்கியது முடக்கும் ஓட்டைதான். “தகவல் ஒன்றும் வெளியே போகவில்லை, மறுபடி இயக்கினால் ஓடும்” என்பது கம்பெனிக்காரர்களின் வழக்கமான சமாதானம்.

யாருக்கு ஓடும்? ரகசியம் வைத்திருப்பவனுக்குத் திருட்டு பெரிது. நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது? நம் வறுமை ஊரறிந்தது! அன்றாடம் உழைத்து அன்றாடம் உலை வைப்பவனுக்கு ‘நின்றுவிட்டது’ என்பதே கொள்ளை. முதலாளிக்குப் பணம் ஒரு நாள் தாமதமானால் வட்டி போகும். கூலிக்காரனுக்கு ஒரு நாள் தாமதமானால் அடுப்பு அணையும். ஒரே ஓட்டைதான். யார் வீட்டுக் கூரையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது சின்னதாகவும் பெரியதாகவும் ஆகிறது.

நடந்ததைப் பாருங்கள்

இது கற்பனை பயம் என்று பூசி மெழுகுவோருக்கு நடந்த நிகழ்ச்சிகளையே ஜவாபாக வைக்கிறோம்.

2024 ஜூலை 19. ‘கிரௌட்ஸ்ட்ரைக்’ என்ற காவல் மென்பொருள் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு திருத்தத்தை அனுப்பியது. அந்தத் திருத்தம் 21 விவரங்களைக் கேட்டது, மென்பொருளிடம் இருந்ததோ 20தான். இருபது பேருக்குக் கூலி போட்ட சிட்டையில் இருபத்தோராவது ஆளைத் தேடி, யந்திரம் மயங்கி விழுந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் மதிப்பீட்டின்படி உலகமெங்கும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து எதிரி யாரும் வரவில்லை. காவற்காரனே கதவை அடைத்துக்கொண்டு விழுந்தான்.

‘பேக்கப் எக்ஸெக்’ என்ற மற்றொரு நகல் மென்பொருளின் கதை இது. அதிலிருந்த ஓட்டைகளுக்கு 2021 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் 2022 அக்டோபரிலும் அதே ஓட்டை வழியாகப் பிணைப்பணக் கொள்ளைக்காரர்கள் நுழைந்தார்கள் என்று ‘மாண்டியண்ட்’ என்ற ஆய்வு நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்டது. அந்த மென்பொருள் ஓடும் 8,500க்கும் மேற்பட்ட யந்திரங்கள் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தன என்றும் அது சொன்னது. கொள்ளைக்காரன் ஏன் நகலைத் தேடி வருகிறான்? நகல் இருந்தால் எவனும் பிணைப்பணம் கொடுக்க மாட்டான் அல்லவா! ஆகவே முதலில் நகலைக் கெடு, பிறகு அசலைப் பூட்டு என்பதே அவன் தந்திரம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் கொள்ளைக்காரர்களால் பூட்டப்பட்டன. நாடெங்கும் இருந்து ஏழை நோயாளிகள் ரயிலேறிப் போகும் ஆஸ்பத்திரி அது. ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டுப் பதிவும் பரிசோதனை முடிவும் கைகளால் எழுதப்பட்டன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. பாதிப்பில்லாமல் தப்பியிருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் மீட்கப்பட்டன என்று மத்திய சர்க்கார் பாராளுமன்றத்தில் சொன்னது. இதைக் கவனியுங்கள், தோழர்களே! மீட்டது தப்பிப் பிழைத்த நகல். அத்தனை நாளும் ஆஸ்பத்திரியை ஓட்டியவர்களோ பேனா பிடித்த ஊழியர்கள். அந்த நகலையும் முடக்கியிருந்தால் கதி என்ன?

2024 ஜூலை 31. சி-எட்ஜ் என்ற கம்பெனி நாட்டின் சிறு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை செய்கிறது. டாட்டா கம்பெனியும் ஸ்டேட் வங்கியும் கூட்டாக நடத்துவது. அதன்மேல் பிணைப்பணத் தாக்குதல் நடந்ததால், தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அதைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. ஒரே கம்பெனிக்கு வந்த வியாதியால் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. அவை எப்படிப்பட்ட வங்கிகள்? கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். விவசாயியும் கூலிக்காரனும் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள்! மறுநாள் இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் பாடம் என்ன? 300 வீட்டுக்கு ஒரே காவற்காரன். அவன் விழுந்தால் 300 வீடும் திறந்து கிடக்கும்.

வெளிநாட்டில் பாருங்கள். தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள சர்க்கார் கம்ப்யூட்டர் நிலையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பாட்டரி தீப்பற்றியது. 709 சர்க்கார் சேவைகள் நின்றன. அதைவிடக் கொடுமை, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் களஞ்சியம் சாம்பலாயிற்று. அதற்கு வேறிடத்தில் நகல் இல்லை! ஏன்? அளவு மிகப் பெரிது என்பது சொல்லப்பட்ட சமாதானம். வீடு பெரிது என்பதால் பூட்டுப் போடவில்லை என்பது போல. கம்ப்யூட்டர் நினைவகச் சில்லு உற்பத்தியில் உலகத்துக்கே வழிகாட்டும் நாட்டின் நிலை அது.

காவலை விலைபேசும் சந்தை

ஏன் ஓட்டைகள் அடைபடுவதில்லை? இந்த மென்பொருள்களின் பட்டாவைப் புரட்டிப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஆர்க்சர்வ் 1990-ல் செயன் என்ற கம்பெனியில் பிறந்தது. 1996-ல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்ற பெரிய முதலை அதை விழுங்கியது. 2014-ல் மார்லின் என்ற முதலீட்டுக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பேக்கப் எக்ஸெக்கின் கதை இன்னும் விசித்திரம். சீகேட் கம்பெனியின் கையிலிருந்து 1999-ல் வெரிட்டாஸ் கைக்குப் போயிற்று. 2005-ல் வெரிட்டாஸையே சைமன்டெக் ஏறத்தாழ 1,350 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2016-ல் கார்லைல் என்ற நிதி மூலதனக் கூட்டத்துக்கு 740 கோடி டாலருக்குக் கைமாறியது. 2024 டிசம்பரில் மறுபடி உடைத்து, ஒரு துண்டைக் கொஹெசிட்டிக்குக் கொடுத்து, மறுதுண்டுக்கு ஆர்க்டெரா என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.

ஜமீன் கிராமத்தைக் குடிகளோடு சேர்த்து ஏலம் போட்ட கதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டதில்லையா? அதேதான் இது. கைமாறும்போதெல்லாம் வாங்கியவன் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறான். எப்படி எடுப்பான்? வாடகையை ஏற்றுவான், ஆளைக் குறைப்பான். பழைய ஆணைகளைத் திருப்பிப் படித்து ஓட்டை தேடும் வேலை லாபம் தராத வேலை. புதுப் பெயர் சூட்டி விளம்பரம் செய்வது லாபம் தரும் வேலை. எந்த வேலை நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

வாங்குகிற நிர்வாகங்களும் லேசுப்பட்டவை அல்ல. திருத்தம் வந்தால் அதைப் பதிய யந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும், அதைச் செய்ய ஆள் வேண்டும். நிரந்தர ஊழியரை ஒழித்து ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடிக்கும் இடத்தில் இந்த வேலை யார் தலையில் விழும்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும் ஒப்பந்த இளைஞன் தலையில். அவனுக்கு எந்த யந்திரத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நின்றுபோனால் பழி யார்மேல்? எய்ம்ஸ் நிகழ்ச்சியில் கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர் இருவரைச் சஸ்பெண்டு செய்தார்கள். ஆனால் சர்க்கார் பாராளுமன்றத்தில் சொன்ன காரணம் என்ன? வலையமைப்பைத் தக்கபடி பிரித்து அமைக்கவில்லை என்பது. வலையை அமைக்கப் பணம் ஒதுக்குவது இரண்டு ஊழியர்களா? ஆலையில் பாய்லர் வெடித்தால் பாய்லர்மேனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அதே பழைய தந்திரம்!

அந்த ஊழியருக்குக் கீழே இன்னொருவர் தண்டிக்கப்படுகிறார். அவர் விசாரணையுமின்றி, நோட்டீசுமின்றி தண்டிக்கப்படுகிறார். அவர்தான் கூலிக்காரர். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் கைபேசிச் செயலி மூலம் ஒரு நாளில் இரண்டு தடவை படம் பிடித்து வருகைப்பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால்? வெயிலில் மண் வெட்டிய நாள், வேலை செய்யாத நாளாகிவிட்டது! 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகவே கூலி என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகை முறை பரவலானபோது சர்வர் இணைப்புக் கோளாறால் வரிசைகள் தேங்கின. பழைய முறைப்படியே பொருள் கொடுக்கலாம் என்று சர்க்கார் இறங்கிவர வேண்டியதாயிற்று. பழைய முறை இருந்ததால் அல்லவா அரிசி கிடைத்தது!

ஆலைத் தொழிலாளியின் பென்ஷன் கதையும் இதுதான். 2022 நவம்பர் 4-ல் உயர் பென்ஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது. அதன்பின் பழைய சம்பளக் கணக்கைக் கொண்டுவா என்றார்கள். நிர்வாகங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய கெடு 2025 ஜனவரி 31 வரை தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. மூடிப்போன ஆலையின் சம்பளப் பதிவேடு எங்கே? அதற்கு நகல் யாரிடம்? முதலாளி யந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்றபோது கணக்கையும் சேர்த்து விற்றுவிட்டான். முப்பது வருஷம் நூல் நூற்றவன் தான் நூற்றதற்குச் சாட்சி தேடி அலைகிறான்.

2022 ஏப்ரல் 28-ல் மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் அவசரநிலைக் குழு ஓர் உத்தரவு போட்டது. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. நல்லது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதுவும் நல்லது. ஆனால் தெரிவித்தால் போதுமா? கூலி யார் கொடுப்பது?

நாம் யந்திரத்துக்கு எதிரிகளா?

நாம் இப்படிக் கேட்டவுடன், “இவர்கள் விஞ்ஞான வளர்ச்சிக்கு எதிரிகள், மறுபடி ஓலைச்சுவடிக்குப் போகச் சொல்கிறார்கள்” என்று கூப்பாடு போடுவார்கள். சுத்தப் பித்தலாட்டம்! திருவெறும்பூரில் பாய்லர் செய்வதும், பொன்மலையில் ரயில் எஞ்சின் பழுது பார்ப்பதும் யார்? தொழிலாளி வர்க்கம்தான். யந்திரத்தின் அருமை அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதனால்தான் கேட்கிறோம். பொன்மலையில் பிரேக் சோதிக்காமல் ஒரு வண்டியை வெளியே விடுவார்களா? பாய்லரை அழுத்தம் ஏற்றிப் பார்க்காமல் அனுப்புவார்களா? கோடிக்கணக்கான ஜனங்களின் கூலியும் கஞ்சியும் ஏறிப் போகும் வண்டிக்கு மட்டும் சோதனை வேண்டாமா?

பேக்கப் எடுத்திருக்கிறோம் என்று எல்லா நிர்வாகமும் சொல்லும். எடுத்ததைத் திருப்பிப் போட்டுக் காட்டியது உண்டா என்று கேளுங்கள். திருப்பிப் போட்டுப் பார்க்காத நகல், திறந்து பார்க்காத விதைநெல் மூட்டை. விதைக்கும் நாளில் அவிழ்த்தால் உள்ளே பதரும் இருக்கலாம், புழுவும் இருக்கலாம்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் சொல்கிறோம்:

1. சர்வர் நின்றாலும் உரிமை நிற்கக் கூடாது. ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வேலைத்தளத்திலும் கூட்டுறவு வங்கியிலும் காகிதப் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். யந்திரம் நின்ற நேரத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பொருளையும் பணத்தையும் கொடுக்க வேண்டும். இதற்குக் கடை ஊழியர்மேல் பழி வரக் கூடாது.

2. யந்திரம் நின்ற நாளுக்குக் கூலி உண்டு. நஷ்டஈட்டை ஒப்பந்தக் கம்பெனியிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் கெடுவும், தவறினால் அபராதமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

3. ஜனங்களின் கணக்குக்குக் குறைந்தது மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று வலையில் இணைக்கப்படாமல், வேறு ஊரில், பொதுத்துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

4. நகலைத் திருப்பிப் போட்டு மீட்கும் சோதனையைக் குறித்த காலந்தோறும் நடத்தி, முடிவைத் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் கிராம சபைக்கும் காட்ட வேண்டும்.

5. இந்த வேலைக்கு ஒப்பந்த ஊழியர் முறை ஒழிய வேண்டும். காவலுக்கு நிரந்தர ஆள் வேண்டும். மேலிடத்தின் கஞ்சத்தனத்துக்குக் கீழ்நிலை ஊழியரைப் பலியாக்கக் கூடாது.

6. ஆலையை மூடும் முதலாளி, தொழிலாளர் அனைவரின் சம்பளக் கணக்கையும் சேவைப் பதிவேட்டையும் பிராவிடண்டு பண்டு அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகே ஒரு திருகாணியையேனும் வெளியே எடுக்கலாம் என்று சட்டம் வேண்டும்.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. கேட்டுப் பெறும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நாம் இன்றே செய்யக் கூடியதும் உண்டு. கூலிச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். வாங்கியதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் போடாதீர்கள், நோட்டில் ஒட்டி வையுங்கள். ரேஷன் பில், வங்கிப் புத்தகம், பி.எப். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் வையுங்கள். வேலைக்குப் போன நாளைத் தளத்திலேயே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, உடன் வேலை செய்த நாலு பேரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அந்த நோட்டின் ஒரு படி சங்கக் கிளையில் இருக்கட்டும். சர்வர் மயங்கலாம், பேக்கப் மயங்கலாம். நாலு பேர் ஒன்றாய் நின்று சொல்லும் சாட்சியை எந்தக் கள்ளச் சீட்டும் மயக்க முடியாது.

ஸ்ரீரங்கத்து மதிலில் தானம் வாங்கியவன் பெயர் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. உழைத்தவன் பெயர் ஒரு நாள் மின்சாரத் தடையில் அழிந்துபோகலாமா? “சர்வர் நின்றுவிட்டது, நாளைக்கு வா” என்று இனி யாரேனும் சொன்னால், திரும்பிப் போகாதீர்கள். “சர்வர் நிற்கட்டும். பதிவேட்டை எடு. என் பெயரை எழுது. என் அரிசியை அள!” என்று சேர்ந்து நின்று கேளுங்கள்.